பெரிய வரைபடம் டேப்லெட்டில் திறக்காதது குறித்து

வணக்கம். 60 எம்பி ஜேபெக் வரைபடத்தைத் திறந்தால் செயலி தானாக மூடிக்கொள்கிறது, வேறொரு செயலியிலோ ஊர்ப்பெயர்கள் மங்குகின்றன என்று எழுதியிருந்தீர்கள். இங்கே கோப்பின் அளவு பொருட்டல்ல. 20,000 × 15,000 பிக்சல் கொண்ட உங்கள் படம் விரியும்போது, பிக்சலுக்கு 4 பைட் வீதம், ஏறத்தாழ 1.2 ஜிபி நினைவகத்தைக் கேட்கிறது, அதைத் தர இயலாத டேப்லெட் செயலியை நிறுத்திவிடுகிறது. படத்தைச் சுருக்கி ஏற்றும் செயலியில் சிற்றெழுத்துகள் அழிந்துபோகின்றன. ஜேபெக் தரத்தைக் குறைத்துச் சேமிப்பதும் உதவாது, ஏனெனில் பிக்சல் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும்.

கணினியில் லிப்விப்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு படத்தை டீப் ஜூம் வடிவில், அதாவது பல உருப்பெருக்க அடுக்குகளில் சிறு சதுரத் துண்டுகளாகப் பிரித்து, கணினியிலிருந்தே வைஃபை வழியாக வழங்கி, டேப்லெட்டின் உலாவியில் ஓப்பன்சீட்ராகன் என்ற படம் காட்டும் நிரல் மூலம் பார்ப்பதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன்; திரைக்குத் தேவையான துண்டுகள் மட்டுமே ஏறும். மூலக் கோப்பை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.