மழையில் ஜெனரேட்டர்: கூரை போடுங்க, பெட்டி கட்டாதீங்க

ஐப்பசி வந்தாச்சு. கேம்ப் போக வாங்கின 1, 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரை மழையில் எப்படி ஓட்டுவது, அதற்கு நாமே ஒரு கூடு கட்டலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை: அண்ணே, பழைய இரும்பு பீரோ ஒண்ணு சும்மா கிடக்கு. அதுக்குள்ள ஜெனரேட்டரை வச்சு, புகை போக ஓட்டை போட்டா மழைக்கு ஆச்சா?

வேண்டாம் தம்பி. 1 லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கு. சின்ன ஜெனரேட்டர் அதில் கரன்ட்டா கொடுப்பது 2 யூனிட்டைத் தாண்டினாலே பெரிய விஷயம். மிச்சம் எல்லாம் சூடு. இந்தச் சின்ன ஜெனரேட்டர்களில் ரேடியேட்டர் கிடையாது. சுற்றியிருக்கிற காற்றை இழுத்துத்தான் இன்ஜின் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது. பீரோவுக்குள் வைத்தால், தான் விட்ட சூட்டுக் காற்றையே திரும்ப இழுக்கும். கரன்ட் உண்டாக்குகிற கம்பிச்சுருள் (காயில்) மேலே இருக்கிற வார்னிஷ் பூச்சு கருகும், டேங்கில் பெட்ரோல் ஆவி கிளம்பும்.

நாலு கால், ஒரு கூரை. அதுதான் கூடு. காலுக்கு இரும்பு ஆங்கிள், மேலே ஜிங்க் ஷீட். ஜெனரேட்டருக்கும் ஷீட்டுக்கும் நடுவே 2 அடி இடைவெளி விடுங்க. ஷீட் நாலு பக்கமும் ஒன்றரை அடி வெளியே நீட்டியிருக்கட்டும். சரிவு, பிளக் பாயின்ட் இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இறங்கணும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஷீட் ஓரத்தில் வழிகிற தாரை காற்றடித்தால் உள்ளே வளைந்து, நேரா சாக்கெட் மேலேயே விழும்.

நம்ம பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் ஈசான மூலையிலிருந்து சாய்ந்து வரும். அந்தப் பக்கம் மட்டும் சிமென்ட் ஃபைபர் போர்டை மறைப்பாகக் கட்டலாம். அதுவும் மேலேயும் கீழேயும் அரை அடி திறந்திருக்கணும், ஜெனரேட்டரிலிருந்து 2 அடி தள்ளி நிற்கணும். சைலன்சர் பக்கம் முழுசா திறந்தே இருக்கட்டும். பிளைவுட், தார்பாய் எதுவும் சைலன்சர் கிட்டேயே வரக்கூடாது. வீட்டில் கழற்றிப்போட்ட பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுத்தும் போடாதீங்க. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

புயல் நேரத்தில் காற்று திசை மாறிக்கொண்டே இருக்கும். எந்தக் கூடும் அதற்குத் தாங்காது. அப்போது ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, மூடி வைப்பதுதான் சரி.

கொருக்குப்பேட்டை: எங்க சந்துல வீட்டுக்கு வீடு மூணு அடிதாண்ணா. ஜன்னலுக்கு வெளியே கூடு வச்சு, ஜன்னலைச் சாத்திக்கிட்டா போதுமா? குழந்தை இருக்கிற வீடு.

போதாதும்மா. இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீங்க. சைலன்சர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல். மழையில் நனைந்ததால் என்று நினைத்துப் படுத்தால், தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ஜன்னல் இடுக்கு, வென்டிலேட்டர், வயர் வருகிற ஓட்டை, எல்லா வழியாகவும் அது உள்ளே வரும்.

வாசல், ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளித்தான் ஓட்டணும். பக்கத்து வீட்டு ஜன்னலும் கணக்கில் சேர்த்தி. மூணு அடிச் சந்தில் அதற்கு இடமே இல்லை. மொட்டை மாடி காலியாக இருந்தால், படிக்கட்டு ரூம் கதவிலிருந்து தள்ளி, மழை விட்டிருக்கும்போது மேலே ஓட்டலாம். அதுவும் முடியாதென்றால் உங்களுக்கு ஜெனரேட்டர் வேண்டாம். இன்வெர்ட்டர், பேட்டரி போதும். ஒரு ஃபேன், இரண்டு லைட், செல்போன் சார்ஜ் அதில் தாராளமாக ஓடும்.

எர்ணாவூர்: கடல் பக்கத்துல இருக்கோம். கூடு ஒரே மழையில துருப்பிடிக்குது.

சாதா ஆங்கிளுக்குப் பெயின்ட் அடித்துப் பிரயோஜனம் இல்லை. வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு ஹாட் டிப் கால்வனைசிங், அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுக்கிற பூச்சு, பண்ணச் சொல்லுங்க. ஸ்க்ரூ, நட்டு எஸ்எஸ் 316 (உப்புக்காற்று தாங்குகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). ஜெனரேட்டரையும் ஓட்டி முடித்து ஆறியதும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை துடையுங்க.

வியாசர்பாடி: தெருவுல தண்ணி ஏறும். எவ்வளவு உயரத்துல வைக்கணும்?

2015-லும் 2023 மிக்ஜாமிலும் உங்க சுவரில் தண்ணீர் ஏறிய கறை இருக்குமே, அதற்கு ஒரு அடி மேலே. ஹாலோ பிளாக் அடுக்கி, மேலே கடப்பா கல். தண்ணீரில் நின்றுகொண்டு மட்டும் பிளக் சொருகாதீங்க. வயர் போகிற பாதையும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே சப்ளையைத் துண்டிக்கிற சுவிட்ச்) போட்டால் உயிருக்குக் காவல். அது சரியாக வேலை செய்ய எர்த் எப்படி எடுக்கணும் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டிக்கொள்ளுங்க.

ராயபுரம்: ரெண்டு பக்கமும் பிளக் வச்ச வயரை வீட்டு சாக்கெட்ல சொருகினா வீடு முழுக்க கரன்ட் வருதே, தப்பா சார்?

கொலைக்குச் சமம். நீங்கள் அனுப்புகிற 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகலாம். லைன் செத்திருக்கிறது என்று நம்பி மழையில் கம்பம் ஏறுகிற லைன்மேன் கை அதில் படும். கரன்ட் திரும்பி வந்தால் உங்க ஜெனரேட்டரும் போச்சு. தெரு லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்க. இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஃப்ரிட்ஜை நேரடியாக அதில் மாட்டுங்க.

திருவொற்றியூர்: சத்தம் குறைய உள்ளே ஃபோம் ஒட்டலாமா?

கூடாது. ஃபோம் தீப்பிடிக்கும். காலுக்கு அடியில் ரப்பர் பேட் வையுங்க, சைலன்சரை வெட்டவெளிப் பக்கம் திருப்புங்க. ராத்திரி 10 மணிக்கு மேல் அக்கம்பக்கத்தைக் கேட்டு ஓட்டுங்க.

கொடுங்கையூர்: மழை நேரத்துல பெட்ரோல் எப்படி ஊத்துறது? கேனைக் கூட்டுக்குள்ளயே வைக்கலாமா?

கேனைக் கூட்டுப் பக்கமே வைக்காதீங்க. இன்ஜினை நிறுத்தி, கால் மணி நேரமாவது ஆறவிட்டு ஊற்றுங்க. சூடான சைலன்சரில் பெட்ரோல் ஒரு சொட்டு விழுந்தாலும் பற்றிக்கொள்ளலாம். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கு. அது ஈரத்தை உறிஞ்சும், தண்ணீர் அடியில் தங்கும். அதனால் டேங்கில் மாதக்கணக்கில் விட்டுவைக்காதீங்க. தை பிறந்ததும் மிச்சத்தை வண்டிக்கு ஊற்றிவிட்டு, கார்புரேட்டர் காலியாகி இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்க.