கேமிங் ரவுட்டர் வாங்கினா பிங் குறையுங்களா?

கேள்வி: பையன் வேலரண்ட்னு ஒரு ஆன்லைன் கேம் ஆடறானுங்க. வீட்டுல 40 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன். பகல்ல பிங் 35, 40ன்னு நிக்குது. ராத்திரி எட்டு மணிக்கு மேல 200ஐத் தாண்டுது. எட்டு ஆன்டெனா வச்ச கேமிங் ரவுட்டர் ஒண்ணு 18,000 ரூபாய்க்குப் பார்த்து வச்சிருக்கான். வாங்கித் தரலாமுங்களா? (திருப்பூர்)

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீங்க. பிங் என்பது டேட்டா சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லிசெகண்டில். பகலில் வரும் அந்த 35ஐ எந்த ரவுட்டராலும் குறைக்க முடியாது. வேலரண்ட் சர்வர் மும்பையில் இருக்கிறது. திருப்பூரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். ஃபைபருக்குள் ஒளி மில்லிசெகண்டுக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் ஓடும். போய்த் திரும்பவே 10 மில்லிசெகண்ட் ஆகிவிடும். கேபிளோ நேர்கோட்டில் போவதில்லை, நடுவே பல இடங்களில் கைமாறுகிறது. 35 என்பது நல்ல பிங்.

ராத்திரி 200 ஆவதைத்தான் பிடிக்க வேண்டும். அதற்கு மூன்று இடங்களில் காரணம் இருக்கலாம்: வைஃபை, உங்கள் வீட்டு லைனில் சேரும் நெரிசல், இணைப்புத் தரும் நிறுவனத்தின் நெரிசல். கண்டுபிடிக்கச் செலவு ஒன்றுமில்லை. எட்டரை மணிக்குக் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் இரண்டு திறக்கச் சொல்லுங்கள். ஒன்றில் ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1), மற்றதில் 8.8.8.8க்கு (கூகுளின் பொது சர்வர்) பிங் ஓடட்டும். பிங் கட்டளையோடு ‘ஹைஃபன் டி’ (-t) சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும்.

ரவுட்டருக்குப் போகும் பிங்கே 40, 80 என்று குதித்தால் குற்றவாளி வைஃபை. லேன் கேபிளைச் செருகிப் பாருங்கள். 1 மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். அப்படி வந்தால் உங்களுக்குத் தேவை ரவுட்டர் அல்ல, கேபிள். ரவுட்டர் பிங் அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் எகிறினால், வீட்டில் மற்ற போன், டிவி எல்லாவற்றையும் வைஃபையிலிருந்து கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் எகிறினால் நிறுவனத்தின் நெரிசல். ஒரு லட்சத்துக்கு ரவுட்டர் வாங்கினாலும் அது தீராது. படம்பிடித்து வைத்துப் புகார் கொடுங்கள், இல்லையென்றால் லைனை மாற்றுங்கள்.

மற்றதைக் கழற்றியதும் பிங் இறங்கிவிட்டால்தான் ரவுட்டருக்கே வேலை வருகிறது. யாரோ ஒருவர் போனில் எடுத்த கல்யாண வீடியோ தானாகவே மேலே ஏறிக்கொண்டிருக்கும். லைன் கொள்ளாத டேட்டா, நிறுவனம் வைத்த ஃபைபர் பெட்டியில் வரிசை கட்டி நிற்கும். 40 எம்பிபிஎஸ் லைனில் ஒரு மெகாபைட் வரிசை நின்றாலே அது கரைய 200 மில்லிசெகண்ட் ஆகும். பையனின் கேம் பாக்கெட் (டேட்டா துண்டு) சின்னதுதான். ஆனால் சந்தை நாளில் ஒற்றைப் பாலத்தில் லோடு வண்டிகளுக்குப் பின்னால் மாட்டிய டூவீலர் மாதிரி அதுவும் நிற்க வேண்டியதுதான்.

இதற்கு மருந்து எஸ்க்யூஎம் என்கிற வரிசை மேலாண்மை. கேக், எஃப்க்யூ-கோடெல் என்ற பெயர்களில் வரும். வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது இருக்கிறதா என்பதுதான். ஆன்டெனா எத்தனை என்பதல்ல. ராத்திரி எட்டு மணிக்கு வேகத்தை அளந்து, அப்லோடு, டவுன்லோடு இரண்டுக்கும் அதில் 90 சதவீதத்தை ரவுட்டரில் போடுங்கள். 40 வந்தால் 36. இப்போது வரிசை ஃபைபர் பெட்டியிலிருந்து உங்கள் ரவுட்டருக்கு வந்துவிடும். கேம் பாக்கெட்டை முன்னால் விட ரவுட்டரால் முடியும். காலையில் அளந்த வேகத்தைப் போட்டு, ராத்திரி லைன் 25க்கு இறங்கினால் வரிசை மறுபடி வெளியே போய்விடும். ‘போட்டும் பிரயோஜனமில்லை’ என்பவர்கள் பலரும் சறுக்குவது இங்கேதான்.

பெட்டியில் ‘கேமிங் போர்ட்’, ‘கேம் பூஸ்ட்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் அந்த ஒரு போர்ட்டுக்கு முன்னுரிமை, அவ்வளவே. லைன் வேகத்தை நீங்கள் குறித்துக் கொடுக்க இடமில்லாத முன்னுரிமையால் பெரிய பலன் கிடையாது. வரிசை நிற்பது வேறு பெட்டியில் ஆயிற்றே. இன்னொன்று: எஸ்க்யூஎம் ஓடினால் ஒவ்வொரு பாக்கெட்டையும் புராசசர்தான் கையாள வேண்டும். 40, 100 எம்பிபிஎஸ்ஸுக்குச் சாதாரண ரவுட்டர் தாங்கும். 300க்கு மேல் லைன் வைத்திருப்பவர்கள் புராசசரைப் பார்த்து வாங்க வேண்டும்.

பெட்டியில் வைஃபை வேகமாகப் போட்டிருக்கும் ‘ஏஎக்ஸ்5400’ என்ற எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸின் 574ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 4804ஐயும் கூட்டி, மேலே கொஞ்சம் தூக்கிப் போட்ட கணக்கு அது. ஒரு போன் ஒரே நேரத்தில் இரண்டையும் சேர்த்து எடுப்பதில்லை. 2.5 கிகாபிட் போர்ட்டும் 40 எம்பிபிஎஸ் லைனுக்கு வீண். எல்லாப் போர்ட்டும் கிகாபிட்டாக இருக்கட்டும். எஸ்க்யூஎம் உள்ள, ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் தொடர்ந்து வருகிற ஏஎக்ஸ்1500 அல்லது ஏஎக்ஸ்3000 போதும். 18,000ல் பாதிகூட ஆகாது.

கேள்வி: கீழே விசைத்தறி ஷெட், மாடியில பையன் ரூம். ரவுட்டர் முன்வாசல்ல. நடுவுல 60 அடி இருக்குமுங்க. மெஷ் வாங்கறதா, கரண்ட் ஒயர்லயே நெட் அனுப்பற அடாப்டர் வாங்கறதா? (பள்ளிபாளையம்)

பதில்: அடாப்டர் வேண்டவே வேண்டாம். தறி மோட்டார்கள் ஓடும் ஒயரிங்கில் இரைச்சல் அதிகம். தறி நின்ற நேரம் நன்றாக இருக்கும், ஓடும்போது அறுபடும். மெஷ் (வைஃபையைக் கைமாற்றும் பல பெட்டிகள்) படம் பார்க்கப் போதும். ஆட்டத்துக்கு ஆகாது, காற்றில் இன்னொரு தாவல் கூடுவதால் பிங் ஏறும்.

கேட் 6 கேபிள் 25 மீட்டர் இழுங்கள். ‘சுத்தத் தாமிரம்’ என்று கேட்டு வாங்குங்கள். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிவது தாமிரம் பூசிய அலுமினியம், வேண்டாம். த்ரீ ஃபேஸ் ஒயரோடு சேர்த்து ஒரே பைப்பில் விடாதீர்கள். ஓர் அடி தள்ளிப் போகட்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். கிரிம்ப் செய்யும் (முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்) ஒயர் வரிசை இரண்டு முனையிலும் ஒன்றே: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. செருகியபின் கம்ப்யூட்டரில் லிங்க் வேகம் 1000க்குப் பதில் 100 என்று காட்டினால் எட்டில் ஏதோ ஓர் ஒயர் பிடிக்கவில்லை. திரும்ப கிரிம்ப் செய்யுங்கள். வீடும் ஷெட்டும் தனித்தனிக் கட்டடம் என்றால் நடுவில் தாமிரத்துக்குப் பதில் ஃபைபர் போடுவது நல்லது. இடி மழையில் தாமிரம் வழியே மின்சாரம் பாய்ந்து இரண்டு பக்கக் கருவியும் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

கேள்வி: புது ரவுட்டர் போட்டும் ‘நாட் டைப் ஸ்ட்ரிக்ட்’னு வருது. ரவுட்டர் ஓட்டைங்களா? (பொள்ளாச்சி)

பதில்: ரவுட்டர் மேல் பழி போட வேண்டாம். ‘நாட்’ என்பது முகவரி மாற்றம்; ‘ஸ்ட்ரிக்ட்’ என்றால் வெளியிலிருந்து மற்ற ஆட்டக்காரர்கள் உங்களோடு இணைவது தடைபடுகிறது. ரவுட்டரின் வேன் (வெளிப்பக்க) முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் நிறுவனம் வைத்த பழைய பெட்டியும் புது ரவுட்டரும் இரண்டுமே முகவரி மாற்றுகின்றன. பழையதை பிரிட்ஜ் மோடுக்கு (முகவரி மாற்றாமல் அப்படியே கடத்தும் நிலை) மாற்றச் சொல்லுங்கள். அதற்குமுன் லைனின் பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண் (நிறுவனம் தரும் இணைப்பு எண்) மூன்றையும் வாங்கி வையுங்கள். 100.64லிருந்து 100.127க்குள் இருந்தால் நிறுவனமே ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது. அதற்கு ஐபிவி6 (புதுவகை இணைய முகவரி) கேளுங்கள், அல்லது காசு கட்டி நிலையான ஐபி.

கேள்வி: மினி யூபிஎஸ் மாட்டினேன், கேமிங் ரவுட்டர் அணைஞ்சு அணைஞ்சு எரியுதுங்க. (கோபி)

பதில்: ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட் 2.5 ஆம்பியர் கேட்கும் ரவுட்டருக்கு 1 ஆம்பியர் மினி யூபிஎஸ் தாங்காது. சில பெரிய மாடல்கள் 19 வோல்ட். அவற்றுக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸே பொருந்தாது. 8,800 எம்ஏஎச் என்பதும் 3.7 வோல்ட் செல் கணக்கு. மொத்தம் 32 வாட்-ஹவர். 10 வாட் இழுத்தால், இழப்பு போக இரண்டரை மணி நேரம், அதுவும் பேட்டரி புதிதாக இருக்கும்வரை. காலையில் போய்ச் சாயங்காலம் வரும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைக்கு அது காணாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்னால் உள்ள சுவிட்சை ‘யூபிஎஸ்’ பக்கம் தள்ளிவிட்டு அதிலேயே மாட்டுங்கள். ரவுட்டரோடு நிறுவனத்தின் ஃபைபர் பெட்டியையும் அதே லைனில் சேர்க்க மறக்காதீர்கள்.