சமூக வலைத்தளங்களில் யாரைப் பின்தொடரலாம் என்று கேட்டால் ஒரு போட்டோ எடிட்டர் எந்தப் புகைப்படக்காரர்களைச் சொல்வார்?

நேரில் கேட்டிருந்தால் உங்கள் ஊர் எது என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். கேள்வியை வைத்துப் பார்த்தால் நீங்கள் புதிதாகக் கேமராவோ நல்ல போனோ வாங்கியிருக்கிறீர்கள், கல்யாண ஆல்பத்தைத் தாண்டி ஏதாவது எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். ஆங்கிலத்தில் வருகிற பட்டியல்களையும் பார்த்திருப்பீர்கள். பெரிய பத்திரிகைகளின் போட்டோ எடிட்டர்கள் ஆளுக்கு நாலைந்து பெயர் சொல்வார்கள். நியூயார்க், லண்டன், மிஞ்சிப்போனால் டெல்லி, மும்பை. கடலூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் பெயரை அப்படி ஒரு பட்டியலில் நான் இதுவரை பார்த்ததில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் பிறந்தது கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன். சென்னையில் ஒரு நாளிதழின் போட்டோ டெஸ்கில் பல வருடம் இருந்தேன். இப்போது பாண்டியில், லாஸ்பேட்டையில் இருந்துகொண்டு புத்தகங்களுக்கும் சில இதழ்களுக்கும் படம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறேன். "நீங்கள் என்ன நேஷனல் ஜியாகிரபிக் எடிட்டரா?" என்று கேட்க ஆள் இருக்கிறார்கள், தெரியும். இல்லைதான். ஆனால் மாவட்டங்களிலிருந்து தினமும் வந்து குவியும் படங்களில் சிலவற்றை எடுத்து, இதை ஏன் போட வேண்டும் என்று செய்தி ஆசிரியரோடு மல்லுக்கட்டி, அச்சுக்கு அனுப்பியவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் பழனி குமார். மதுரைப் பக்கத்துக்காரர், கிராமப்புற இந்தியாவைப் பற்றி எழுதும் பாரி (PARI) இணையதளத்தின் புகைப்படக்காரர். மலக்குழியில் இறங்கி உயிரை விட்ட தொழிலாளர்களின் குடும்பங்களை வருடக்கணக்காகப் படமெடுத்து வருகிறார். ராமநாதபுரம் கடலில் கடற்பாசி எடுக்கும் பெண்களை எடுத்திருக்கிறார். மதுரையில் மீன் விற்ற தன் அம்மாவைப் பற்றி அவரே எழுதிப் படமும் போட்ட கட்டுரை ஒன்று இருக்கிறது, கட்டாயம் படியுங்கள். 2022-இல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அது அவருக்குத்தான் போனது. நாகப்பட்டினத்தில் மீனவப் பெண்களுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அந்தப் பெண்கள் எடுத்த படங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து ஜெய்சிங் நாகேஸ்வரன், வாடிப்பட்டிக்காரர். கூவாகம் திருவிழாவுக்கு வரும் திருநங்கைகளை விழுப்புரத்து லாட்ஜ் அறைகளுக்குள் எடுத்திருக்கிறார். கடலூரிலிருந்து விழுப்புரத்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். வருடா வருடம் எத்தனையோ பேர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூவாகம் போகிறோம். கோயில் வாசலில் தாலி கட்டுவதையும் மறுநாள் அறுப்பதையும் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அவர் லாட்ஜுக்குள் போனார். உள்ளே விடும் அளவுக்கு அவர்கள் அவரை நம்பினார்கள். அந்த நம்பிக்கை படத்தில் தெரிகிறது.

செந்தில் குமரன் புலிக்கும் மனிதருக்கும் நடக்கும் மோதலை நீண்டகாலம் ஆவணப்படுத்தியவர். செய்திப் படங்களுக்கு உலக அளவில் நடக்கும் வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில், 2022-இல், அந்த வேலைக்கு ஆசியப் பிரிவில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. புலியின் அழகை மட்டும் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவர் புலி அடித்தவரின் வீட்டுக்கும் போகிறார்.

இந்த மூவரையும் ஒன்றாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூவருமே போன இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்கள். யாரையாவது புதிதாகப் பின்தொடரும் முன் அவருடைய பக்கத்தில் விரலால் தள்ளிக்கொண்டே கீழே போங்கள். மூன்று வருடத்துக்கு முன் எடுத்த மனிதர்கள் இப்போதும் வருகிறார்களா என்று பாருங்கள். போன வாரம் லடாக், இந்த வாரம் காசி, அடுத்த வாரம் கேரளத்துத் தெய்யம் என்று ஓடிக்கொண்டிருந்தால் கண்ணுக்கு விருந்து, ரசிக்கலாம். கற்றுக்கொள்ள அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பது என் கருத்து. சுற்றுலாப் படம் எடுப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதிலும் உழைப்பு இருக்கிறது.

இரண்டாவதாக நான் பார்ப்பது படக்குறிப்பு. எடுக்கப்பட்டவர் யார், எந்த ஊர், என்ன தேதி. இதை எழுதாதவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் எனக்கு ஒரு படி கீழேதான். காரணத்தைச் சொல்ல நான் 2011-க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரையைக் கடந்தது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கரண்ட் இல்லை, போன் இல்லை, ரோடு முழுக்க மரம். நான் சென்னை டெஸ்கில் உட்கார்ந்திருக்கிறேன், ஓ.டி.யில் இருக்கும் அம்மாவிடம் பேச முடியவில்லை. பண்ருட்டிப் பக்கம் சின்ன ஸ்டுடியோ வைத்திருந்த ஒரு அண்ணன் எங்களுக்குப் பகுதிநேரமாகப் படம் அனுப்புவார். சம்பளம் கிடையாது, அச்சான படத்துக்கு இவ்வளவு என்று காசு. அவரிடமிருந்தும் தகவல் இல்லை. மறுநாள் சாயங்காலம் மெயிலில் படங்கள் வந்தன. மரங்களைத் தாண்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு விழுப்புரம் வரை போய், ஜெனரேட்டர் ஓடிய ஒரு பிரவுசிங் சென்டரைக் கண்டுபிடித்து அனுப்பியிருக்கிறார்.

சாய்ந்த கம்பம், கூரை பறந்த வீடு, கரையில் மோதி உடைந்த படகு என்று எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு படம். வேரோடு சாய்ந்து கிடக்கும் பெரிய பலா மரம், அதன் அடிமரத்தில் உள்ளங்கையை வைத்தபடி நிற்கும் ஒரு வயதான அம்மா. அழவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. படத்தோடு அண்ணன் அனுப்பிய குறிப்பில் அந்த அம்மாவின் பெயர், ஊர், வயது, அது அவருடைய மாமனார் நட்ட மரம் என்ற விவரம் எல்லாம் இருந்தது.

செய்தி ஆசிரியர் பார்த்துவிட்டு, "பலா மரம் சாய்ஞ்சதுல என்னம்மா செய்தி இருக்கு? கம்பம் சாய்ஞ்சதை நாலு பத்தி அகலத்துக்குப் போடு" என்றார். "சார், கம்பத்தை ரெண்டு மாசத்துல திருப்பி நட்டுடுவாங்க. இது அவங்க மாமனார் வச்ச மரம். இன்னொன்னு வச்சு இந்த அளவுக்கு வளர்ந்து காய்க்கிறப்ப இந்த அம்மா இருப்பாங்களா?" என்றேன். அவர் நல்ல மனிதர், குறிப்பை வாங்கி இன்னொரு முறை படித்தார். பலா மரமே பெரிதாகப் போனது, அண்ணன் பெயரோடு. முந்திரியும் பலாவும் போனதால் அந்த மாவட்டத்துக்கு என்ன ஆகப்போகிறது என்பதைச் சென்னையில் இருக்கிற வாசகருக்கு அந்த ஒரு படம் சொன்னது. மாமனார் நட்ட மரம் என்ற ஒரு வரி இல்லாவிட்டால் எனக்கு வாதாடவே பிடி கிடைத்திருக்காது. படம் எடுப்பவர் அந்த அம்மாவிடம் நின்று பேசியதால்தான் அந்த வரி கிடைத்தது.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் அந்தப் படம் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் சுற்றுகிறது. பத்திரிகையை போனில் எடுத்து, கீழே இருந்த பெயரை வெட்டிவிட்டுப் போடுகிறார்கள். ஒரு உள்ளூர்ப் பக்கம் தன்னுடைய லோகோவையே அதன்மேல் பதித்துவிட்டது. இது யார் எடுத்த படம் என்று கருத்தில் எழுதினேன். "நெட்ல கிடைச்சது" என்று பதில் வந்தது. மறுபடி எழுதியதும் என்னைப் பிளாக் செய்துவிட்டார்கள். அண்ணனிடம் சொன்னேன். "விடும்மா, உள்ளூர்ப் பசங்க, ஸ்டுடியோ வச்சுப் பொழைக்கணும்" என்றார். இந்தப் பதிலில் பெயரைச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றுதான் சொன்னார். எனக்கு ஆறவே இல்லை.

வாட்ஸ்அப்பும் இதற்கு ஒரு காரணம். படத்தைப் படமாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்து, கோப்புக்குள் எழுதி வைத்திருக்கும் எடுத்தவர் பெயர், தேதி, குறிப்பு எல்லாவற்றையும் உரித்துவிடுகிறது. டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது பாண்டியில் ஒரே நாளில் 48 செ.மீ அளவுக்குக் கொட்டித் தீர்த்ததே, அப்போது எனக்கு வந்து சேர்ந்த படங்களில் ஒன்றில்கூட எடுத்தவர் பெயர் இல்லை. உயிரைப் பணயம் வைத்து இடுப்பளவு தண்ணீரில் நின்று எடுத்திருக்கிறார்கள்.

கடலூரைப் பற்றிப் பேசிவிட்டு ஆர்கோ தத்தாவைச் சொல்லாமல் விட முடியாது. சுனாமிக்கு இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்காக அவர் கடலூரில் எடுத்த படம் அந்த வருடத்தின் வேர்ல்டு பிரஸ் போட்டோவாகத் தேர்வானது. ஒரு பெண் மணலில் கவிழ்ந்து, கைகளை விரித்து அழுகிறார். இறந்துபோனவரின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. உடலைக் காட்டாமல் கையோடு நிறுத்தியதுதான் அந்தப் படம். அப்போது பிணக்குவியலை நெருக்கத்தில் எடுத்த படங்கள் ஏராளமாக வந்தன, ஒன்றும் என் நினைவில் நிற்கவில்லை. துக்கத்தைப் படமெடுத்துப் பரிசு வாங்குவதா என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, எங்கள் ஊர்க்காரர்களே கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் உலகம் கடலூர் என்ற பெயரைக் கேட்டது அப்போதுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

     

வெளிநாட்டுப் பெயர்களும் வேண்டும் என்றால், தனி ஆட்களைவிடக் கூட்டாக நடத்தப்படும் பக்கங்களைச் சொல்வேன். 2012-இல் தொடங்கிய எவ்ரிடே ஆப்பிரிக்கா, பஞ்சமும் போரும் மட்டுமே ஆப்பிரிக்கா என்று காட்டியவர்களுக்கு நடுவே அங்குள்ள சாதாரண நாட்களைக் காட்டியது. 2017-இல் டேனியெல்லா சால்க்மன் தொடங்கிய விமன் போட்டோகிராஃப், வேலை கொடுக்கும் எடிட்டர்கள் "பெண்கள் யாரும் கிடைக்கவில்லை" என்று சாக்குச் சொல்ல முடியாதபடி பல நாட்டுப் பெண் புகைப்படக்காரர்களை ஒரே இடத்தில் தொகுத்து வைத்தது. நம் மாவட்டங்களுக்கு அப்படி ஒரு தொகுப்பு இருந்தால் அடுத்த புயலுக்கு டெல்லியிலிருந்து ஆள் அனுப்ப வேண்டியிருக்காது.

இந்தியப் புகைப்படத்தின் பெரிய பெயர்களான ரகு ராய் எங்கே, ரகுபீர் சிங் எங்கே என்று கேட்பீர்கள். அவர்களைப் போனில் பார்க்காதீர்கள், புத்தகத்தில் பாருங்கள். ரகுபீர் சிங்கின் அகலப் படத்தில் ஓரங்களில்தான் பாதி விஷயம் நடக்கும், போனில் அது தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிப்போகும். பாண்டியில் இருந்தால் இன்னொன்றும் உண்டு. 1955-லிருந்து இங்கே இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில் படங்களை லட்சத்துக்கும் மேல் சேர்த்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கும் வேலையும் அங்கிருந்து நடந்தது. திரைச்சீலைக்கு முன்னால் நாற்காலி போட்டு நம் தாத்தா பாட்டியை எடுத்தவர்கள் பலருக்குப் பெயரே தெரியாது. ஒயிட் டவுன் மஞ்சள் சுவரில் ப்ரீ வெட்டிங் எடுக்கும் தம்பிகள் அவற்றைப் பார்த்தால் வெளிச்சம் பற்றி நிறையக் கிடைக்கும். அந்தத் தொழிலை நான் குறை சொல்லவில்லை, பல வீடுகளில் அடுப்பு எரிவது அதில்தான்.

எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நான் கடைசியாக ஒரு புத்தகத்துக்குப் படம் வாங்கிய பெண்ணை இருநூறு பேர்கூடப் பின்தொடரவில்லை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் வலை பின்னுபவர்களை மட்டுமே எடுக்கிறார், ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் பெயர் எழுதுகிறார்.

கடலூர், பாண்டி, விழுப்புரம், சிதம்பரம் பக்கம் இப்படி யாராவது உங்களுக்குத் தெரிந்தால், நீங்களே அப்படிப்பட்டவராக இருந்தாலும், கீழே கருத்தில் பெயரும் ஊரும் போடுங்கள். தெரியாதவர் எடுத்த படத்தைத் தயவுசெய்து ஒட்ட வேண்டாம். நான் ஒவ்வொருவராகப் பார்க்கிறேன், படம் தேவைப்படும்போது கூப்பிடுகிறேன். காசும் பெயரும் உண்டு.