வகுத்தல் குறி

அன்புள்ள ஐயா,

கரும்பாலைகளுக்குக் குழாய், மேடை, படிக்கட்டு வரையும் மென்பொருள் ஒன்று எழுதுகிறேன். பயனர்களே சிறு நிரல்கள் சேர்க்க ஒரு ஸ்கிரிப்ட் மொழி வேண்டும். பைத்தானா, லுவாவா, டிக்கிளா? திரையில் சன்னல், பொத்தான் அமைக்கும் கருவித்தொகுப்பு க்யூட்டா, டபிள்யூஎக்ஸா? பழைய வரைவாளர்கள் எதைக் கொடுத்தாலும் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்?

வாசகர், ரோஸ்ஹில்

அன்புள்ள தம்பி,

உன் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். அந்தப் பழைய வரைவாளர்களில் நானும் ஒருவன்.

எந்த மொழி என்ற கேள்வியே நம் மொரிஷியஸ் தீவில் வம்பு. 1998இல் ரூபாய்த் தாளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கப்போய், அந்தத் தாள்களையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதை விடு. திரைக்கு க்யூட் போதும், உரிமத்தை மட்டும் ஒழுங்காக வாசி.

1994. கரும்புச் சாற்றை வற்றவைக்கும் எவாப்பரேட்டரின் மேடைக்கு ஒரு படிக்கட்டு. உயரம் 2500 மில்லிமீட்டர், 14 படி. ஆட்டோகேட் வரைவு மென்பொருளின் நிரல் மொழியான ஆட்டோலிஸ்பில் ஒரே வரி எழுதினேன்: உயரத்தைப் படியால் வகு. இரண்டும் முழு எண்ணென்றால் அந்த மொழி மிச்சத்தை விழுங்கிவிடும். 178.57 வரவேண்டிய இடத்தில் 178. பதினான்கு முறை அடுக்கினால் 2492. திரையில் எட்டு மில்லிமீட்டர் யார் கண்ணில் படும்?

கரும்பு வெட்டு தொடங்க இரண்டு வாரம் இருந்தது. சங்கிலிக் கப்பியில் படிக்கட்டைத் தூக்கி நிறுத்திய வெல்டர் ஒன்றும் பேசவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பென்சிலை உருவி, மேடைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே செருகினார். விழாமல் நின்றது. பிறகு ஒரு தகட்டை வெட்டப் போய்விட்டார். பென்சிலை நான் எடுக்கவில்லை, வெட்கமாக இருந்தது.

கற்றுக்கொள்ளட்டும் என்கிறாயே, எதைத் தம்பி? வகுத்தல் குறி வகுக்காது என்பதையா? நாள் முழுக்க இரும்போடு நிற்கிறவன் ஆண்டுக்கு ஐந்து வரி எழுதுவான். அவன் பள்ளியில் படித்த கணக்கை மாற்றச் சொல்ல நீ யார்? டிக்கிள் பெர்க்லியில் சிப் வடிவமைப்புக் கருவிகளுக்காகவே பிறந்தது. ஆனால் அதிலும் 2500/14 என்றால் 178தான். பைத்தானும் அப்படித்தான் இருந்தது, 2008இல் மூன்றாம் பதிப்பில் திருந்தியது. லுவா 1993இல் பிரேசில் எண்ணெய்க் கம்பெனியின் பொறியாளர்களை மனத்தில் வைத்துச் செய்தது. அதில் வகுத்தல் குறியான சாய்கோடு ஒருபோதும் மிச்சத்தைத் தின்றதில்லை.

என் ஓட்டு லுவாவுக்கு. உன் கூட்டாளிகள் பைத்தான்தான் என்று அடம்பிடித்தால் சண்டை போடாதே.

மென்பொருள் தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா, சாப்பிட்டுவிட்டுப் போகலாம். நான் முதலில் 2500ஐ 14ஆல் வகுத்துப் பார்ப்பேன்.