நினைவு இசை உதவித்தொகை: கட்டணம் மட்டும் கொடுத்தால் போதுமா?

மறைந்தவர் பெயரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இசை உதவித்தொகை வைக்க நினைக்கிறீர்கள். வகுப்புக் கட்டணம் மட்டும் கொடுத்தால் போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது.

புகழ்பெற்ற அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கையே பாருங்கள். 1913-ல் நியூ ஆர்லியன்ஸ் சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் அவர் கையில் முதலில் டாம்பரினைக் கொடுத்தார் (நம் கஞ்சிராவுக்கு உறவு). அப்புறம் டிரம், பியூகிள், கடைசியில் கார்னெட் (பின்னிரண்டும் ஊதி வாசிக்கும் பித்தளை வாத்தியங்கள்). பாடம், வாத்தியம், சேர்ந்து வாசிக்க ஒரு பேண்டு, எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன. 1969-ல் அவரே தொடங்கிய கல்வி அறக்கட்டளை, 1971-ல் அவர் மறைந்த பிறகும் இசைக் கல்விக்கு உதவிவருகிறது.

வாரம் ஒரு மணி நேரம் மட்டும் வாத்தியத்தைத் தொடும் பிள்ளைக்கு விரல் பழகாது. வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வாத்தியம், பஸ் காசு, அறுந்த தந்திக்கு மாற்று, இவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். கட்டணத்தை ஆசிரியரிடமே நேராகக் கட்டிவிடுங்கள்.