முதலில் அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு, 78 வயதான என் அம்மா, அப்பா இறந்த பிறகு அண்ணன் வீட்டில் இருக்கிறார். சென்ற மாதம் போயிருந்தபோது, நான் எதைக் கேட்டாலும் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டே பதில் சொன்னார். அவருடைய காது கேட்கும் கருவி பேட்டரி இல்லாமல் அலமாரியில் கிடந்தது. குளிக்க உதவியபோது, மேல்கையின் உட்புறத்தில் விரல்கள் பதிந்தாற்போல நான்கு நீலத் தடங்களைக் கண்டேன். "எங்கேயோ இடித்துக்கொண்டேன், அண்ணனிடம் கேட்டுவிடாதே" என்றார். ஓய்வூதியம் வரும் வங்கி அட்டையும் அவரிடம் இல்லை. அண்ணன் நான்கு ஆண்டுகளாக ஒருவராகவே அம்மாவைப் பார்த்துக்கொள்பவர். அவரைச் சந்தேகிப்பது பாவமா? நேரடியாகக் கேட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நீங்கள் சந்தேகிப்பதில் பாவம் ஏதுமில்லை. 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒருவகைக் கொடுமைக்கு ஆளாவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அடிப்பது மட்டுமன்றி, மிரட்டுவதும், பணத்தைக் கைப்பற்றுவதும், நம்பியிருப்பவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதும் அதில் அடங்கும்.

ஆனால் அண்ணனிடம் இப்போது கேட்காதீர்கள். நீங்கள் ஊர் திரும்பிய பின் அந்தக் கேள்விக்கான கோபத்தைத் தாங்கப்போவது அம்மாதான். "கேட்டுவிடாதே" என்று அவர் சொன்னதில் அந்த அச்சமும் இருக்கலாம். அண்ணன் இல்லாத நேரத்தில் அம்மாவுடன் அமர்ந்து, "யார் அடித்தார்கள்" என்று தொடங்காமல், "இந்த வீட்டில் எப்போதாவது பயமாக இருக்கிறதா? உங்கள் பணத்தை உங்கள் விருப்பப்படி செலவிட முடிகிறதா?" என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை பொறுத்திருங்கள். மகனைக் காட்டிக்கொடுக்கிறோமே என்று குமையும் ஒரு தாய்க்கு முதல் வாக்கியம் எளிதில் வராது.

முதுமையில் தோல் மெலிந்துவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்பவர்களுக்குச் சிறு இடியும் கன்றிப்போகும். இருந்தும், தற்செயலாக இடித்துக்கொள்பவர்களுக்குப் பெரும்பாலும் முன்கையிலும் காலிலும்தான் தடம் விழும் என்பதால், மேல்கையின் உட்புறத்தில் நீங்கள் கண்டதை மருத்துவர் விரைவில் பார்க்க வேண்டும். அம்மாவைத் தனியாகப் பரிசோதிக்கும்படி அவரிடம் கேளுங்கள். கண்டவற்றைத் தேதியுடன் குறித்து வையுங்கள். அம்மா சம்மதித்தால், அவருடன் வங்கிக்குச் சென்று கணக்கு விவரத்தைப் பாருங்கள்.

அண்ணன் களைத்துப்போயிருக்கலாம். அது உண்மையானால் பொறுப்பில் பாதியை நீங்கள் ஏற்றாக வேண்டும் என்பதைத் தயங்காமல் சொல்கிறேன். ஆனாலும், களைப்பு அந்தக் கைத்தடத்தை நியாயப்படுத்தாது. அம்மா மனத்தெளிவுடன் இருக்கும்வரை, எங்கே வாழ்வது, யாரிடம் முறையிடுவது என்பவை அவருடைய முடிவுகளே. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து தெரிந்தால் மட்டும், அவர் தடுத்தாலும் காவல்துறையை அழையுங்கள்.

அடுத்த முறை செல்லும்போது, மறவாமல் அந்தக் கருவிக்குப் புதிய பேட்டரி வாங்கிச் செல்லுங்கள். இரகசியமாகக் கேட்க வேண்டியதை உரக்கக் கேட்க நேர்ந்தால், அடுத்த அறைக்கும் அது எட்டிவிடும்.