லக்ஸ் ஹெட்டர் பேக்கப் 16 எம்.பி. வருகிறது, ஜிப் செய்தும் குறையவில்லை. பல மெஷின்களின் ஹெட்டரை பாஸ்வேர்ட் மேனேஜரில் அட்டாச்மெண்ட்டாக வைக்க வேண்டும். சின்னதாக்க முடியுமா?

முடியும். லக்ஸ் என்பது லினக்ஸில் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யும் முறை, டிஸ்க்கைத் திறக்கும் சாவி இருக்கும் முன்பகுதிதான் ஹெட்டர். இரண்டு பாஸ்வேர்ட் போட்ட டிஸ்க் என்றால் அரை எம்.பி. சொச்சத்தில் அடக்கிவிடலாம். நீங்கள் கேட்டிருப்பதுபோல, பல மெஷின்களின் ஹெட்டரை பாஸ்வேர்ட் மேனேஜரில் அட்டாச்மெண்ட்டாக வைக்க அது தாராளம். சும்மா ஒரு பென்டிரைவில் ஒரு மெஷினுக்கு ஒரு காப்பி வைப்பதானால் இந்த வேலையே வேண்டாம், 16 எம்.பி. அப்படியே இருக்கட்டும்.

ஜிப் ஏன் பலிக்கவில்லை என்று முதலில் பார்ப்போம். லக்ஸின் புதிய வடிவமான லக்ஸ்2-வின் ஹெட்டரில் மெட்டாடேட்டா, அதாவது அமைப்பு பற்றிய குறிப்புகள், 16 கே.பி.தான். ஒன்று கெட்டால் இருக்கட்டும் என்று அதற்கு இன்னொரு நகல், அது ஒரு 16 கே.பி. மீதி இடம் முழுக்க கீ ஸ்லாட்டுகளுக்கு, அதாவது ஒவ்வொரு பாஸ்வேர்டாலும் பூட்டிய சாவியை வைக்கும் இடங்களுக்கு. லக்ஸை இயக்கும் கருவியான கிரிப்ட்செட்அப்பின் 2.0-வில் மொத்த ஹெட்டரே 4 எம்.பி.தான் இருந்தது. 2019-ல் வந்த 2.1-ல் அதை 16 ஆக்கினார்கள், டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறு என்கிரிப்ஷன் செய்ய வேலை இடம் வேண்டும் என்பதற்காக. ஃபார்மேட் செய்யும்போதே அந்த ஸ்லாட் பகுதி முழுவதும் ரேண்டம் டேட்டாவால் நிரப்பப்பட்டுவிடும். ரேண்டம் டேட்டாவை எந்தக் கம்ப்ரஷனாலும் சுருக்க முடியாது. ஆக, உங்கள் பேக்கப்பில் பெரும்பகுதி யாருக்கும் உதவாத குப்பை, ஆனால் சுருங்காத குப்பை.

எது குப்பை, எது சரக்கு என்பதை லக்ஸ்டம்ப் கட்டளையே காட்டிக்கொடுக்கும். கீ ஸ்லாட் ஒவ்வொன்றின் கீழும் 'ஏரியா ஆஃப்செட்', 'ஏரியா லெங்த்' என்று இரண்டு வரி இருக்கும். வழக்கமான 512 பிட் சாவி என்றால் முதல் ஸ்லாட் 32768-ல் தொடங்கும், நீளம் 258048 பைட். அடுத்தது 290816-ல் தொடங்கும், அதே நீளம். கூட்டினால் 548864. இரண்டே ஸ்லாட் என்றால் அதற்குப் பிறகு வருவது எதுவும் தேவையில்லை.

64 பைட் சாவிக்கு எதற்கு இரண்டரை லட்சம் பைட் என்று தோன்றும். சாவியை 4000 மடங்காக விரித்து எழுதுகிறார்கள். அதில் ஒரு சின்னப் பகுதி அழிந்தாலும் சாவி மீளாது. ஸ்லாட்டை அழித்தால் நிஜமாகவே அழிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே ஸ்லாட்டுக்கு உள்ளே கை வைக்காதீர்கள், ஒரு பைட்கூடக் குறைக்கக் கூடாது.

இனி வேலை சுலபம். லக்ஸ்ஹெட்டர்பேக்கப் மூலம் எடுத்த ஃபைலின் முதல் 548864 பைட்டை மட்டும் 'ஹெட்' கட்டளையால் வெட்டித் தனி ஃபைலாக வையுங்கள். மொத்த அளவு 16777216 என்பதையும் ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள். திரும்பப் போடும்போது 'ட்ரங்கேட்' கட்டளையால் அந்த அளவுக்கு நீட்டினால் பின்பகுதி பூஜ்யங்களால் நிரம்பிவிடும். நீட்டாமல் கொடுத்தால் ரெஸ்டோர் ஆகாது, ஹெட்டரில் எழுதியிருக்கும் முழு அளவையும் அது படிக்கப் பார்க்கும். பூஜ்யம் போட்டால் செக்சம் (டேட்டா மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) உதைக்குமே என்ற பயம் வேண்டாம். செக்சம் மெட்டாடேட்டாவுக்கு மட்டும்தான், ஸ்லாட் பகுதிக்குக் கிடையாது.

ஸ்லாட்டுகள் வரிசையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பாஸ்வேர்ட் மாற்றினால் ஸ்லாட் எண் அப்படியே இருந்து இடம் மட்டும் மாறியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் லக்ஸ்டம்ப் பார்த்து, எந்த ஸ்லாட் கடைசியில் முடிகிறதோ அதுவரை வெட்டுங்கள். மறு என்கிரிப்ஷன் பாதியில் நிற்கும் டிஸ்க் என்றால் வெட்டவே கூடாது. அப்போது அந்த 'குப்பை' இடத்தில் முக்கியமான கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

முழு பேக்கப்பை டிலீட் செய்வதற்கு முன், நீட்டிய ஃபைலை ஹெட்டர் ஆப்ஷனில் கொடுத்து டெஸ்ட்-பாஸ்ஃப்ரேஸ் (பாஸ்வேர்ட் திறக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனை) ஓட்டுங்கள். எல்லாப் பாஸ்வேர்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். டிஸ்க்கில் எதையும் எழுதாது என்பதால் தைரியமாகச் செய்யலாம்.

இன்னும் சின்னதாக வேண்டும் என்பவர்கள் வால்யூம் கீயை, அதாவது டிஸ்க்கை நிஜமாக என்கிரிப்ட் செய்யும் சாவியை, மட்டும் எடுத்து வைப்பார்கள். வெறும் 64 பைட், காகிதத்தில்கூட எழுதலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது பாஸ்வேர்ட் இல்லாத பச்சைச் சாவி. யார் கையில் கிடைத்தாலும் டிஸ்க் திறந்துவிடும், பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் அந்த 64 பைட் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். போதாததற்கு சைஃபர் (என்கிரிப்ஷன் முறை), டேட்டா ஆஃப்செட் (டேட்டா தொடங்கும் இடம்), செக்டர் அளவு எல்லாவற்றையும் தனியே குறித்து வைக்க வேண்டும்.

அரை எம்.பி. ஃபைலிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். பழைய ஹெட்டர் பேக்கப் பழைய பாஸ்வேர்டுக்கும் திறக்கும். பாஸ்வேர்ட் கசிந்ததால் மாற்றினீர்கள் என்றால், மேனேஜரில் கிடக்கும் பழைய அட்டாச்மெண்ட்டையும், அது வெர்ஷன் ஹிஸ்டரி வைத்திருந்தால் அதையும் சேர்த்தே அழியுங்கள்.